சிகிச்சை பெறும் குழந்தையும் பூஞ்சண நோயும்

நெற்பயிரைத் தாக்கும் குலைநோயையும், நிலக்கடலை இலையில் புள்ளியிட்டுப் படரும் டிக்கா நோயையும் நம் உழவர் பெருமக்கள் நன்கறிவர். இவ்விரண்டும் பூஞ்சணத்தால் வருபவை. வேறு சில பூஞ்சணங்கள் மனிதரையும் தாக்கும். சிறப்பாக, புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளுக்கு அவற்றால் உயிருக்கே ஊறு நேரலாம்.

இதற்குக் காரணம் யாது? குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இரத்தப் புற்றுநோயாகும். தக்க சிகிச்சையால் அதைப் பெரும்பாலும் குணப்படுத்தலாம். ஆயின், புற்றணுக்களை அழிக்கும் மருந்து, உடலுக்குக் காவலாக நிற்கும் வெள்ளையணுக்களையும் குறைத்துவிடுகிறது. அவற்றுள் நியூட்ரோபில் எனப்படும் வகை, ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 500-க்குக் கீழே இறங்கிப் பல நாள் அவ்வாறே நிற்குமாயின், குழந்தையின் உடல் வேலியற்ற வயலாகிவிடும்.

அப்பொழுது நுழையும் பூஞ்சணங்களுள் இரண்டு முக்கியமானவை. ஒன்று கேண்டிடா. இயல்பாகவே வாயிலும் குடலிலும் வாழும் இது, வாயில் வெண்படலமாகப் படரும். சில வேளைகளில் இரத்தத்திலும் கலந்துவிடும். மற்றொன்று ஆஸ்பெர்ஜில்லஸ். மக்கிய வைக்கோல், எருக்குழி, ஈரம் பட்ட தானியம், இடிக்கும் சுவரின் புழுதி ஆகியவற்றிலிருந்து இதன் நுண்வித்துகள் காற்றில் பறந்து நுரையீரலை அடையும்.

ஒரு தவணை மருந்து முடிந்து, அடுத்த தவணைக்குமுன் குழந்தை வீடு திரும்பும் நாட்களிலேயே நாம் விழிப்பாக இருத்தல் வேண்டும். போரடிக்கும் களத்திற்கும் மாட்டுத் தொழுவத்திற்கும் குழந்தையை அழைத்துச் செல்லலாகாது. வைக்கோற்போரையும் எருக்குழியையும் வீட்டிற்கு அப்பால் அமைக்க வேண்டும். அண்டை வீட்டில் சுவர் இடிப்பதாயின், அவ்வேலையைச் சில வாரம் தள்ளிவைப்பது பேருதவியாகும். குழந்தையின் வாயைத் தூய்மையாக வைத்து, நாள்தோறும் பார்த்துவர வேண்டும்.

எல்லாவற்றிலும் முதன்மையானது காய்ச்சல். உடல்வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டினால், விடியட்டும் என்று காத்திராமல், கைமருந்தும் கொடுத்துப் பாராமல், அன்றிரவே 108 ஊர்தியை அழைத்து மருத்துவமனை சேர்க்க வேண்டும். முதலில் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தை அளிப்பர். நான்கு நாட்களுக்கு மேலும் காய்ச்சல் தணியாவிடில், பூஞ்சணமாக இருக்கலாம் என்று ஐயுற்று, அதற்குரிய மருந்தைத் தொடங்குவது வழக்கம். அம்மருந்துகளுள் ஒன்றான ஆம்போடெரிசின், மண்ணில் வாழும் நுண்ணுயிரிடமிருந்து பெறப்பட்டது என்பது உழவர்க்கு வியப்பளிக்கும்.

புற்றுநோய் ஒட்டுவதன்று, ஆகவே அக்குடும்பத்தை ஒதுக்குவது அறியாமை. ஆனால் சளியோ காய்ச்சலோ உடையவர் அக்குழந்தையைப் பார்க்கச் செல்லாதிருத்தல் அன்பாகும். தம் ஊரில் இத்தகைய குழந்தை இருப்பின், இரவில் ஊர்தி வந்து நிற்கப் பாதை உண்டா, எருக்குழி எத்துணைத் தொலைவில் உள்ளது என்பவற்றை ஊராட்சி உறுப்பினர்கள் இன்றே சென்று பார்ப்பார்களாக. மருத்துவர் பாடுபட்டு மீட்கும் உயிரை, வீட்டிலும் ஊரிலும் காத்து நிற்பது நம் கடமை.