தொடக்கநிலை நிரலாக்கப் புதிர்கள்: கடினத்தை அளந்தறியும் முறை

நிரலாக்கம் பயிலத் தொடங்கும் மாணவர் பலர் கணிதம் மிகுந்த புதிர்களையே முதற் பயிற்சியாக எதிர்கொள்கின்றனர். ‘தொடக்கநிலை’ எனக் குறிக்கப்பட்ட புதிரைத் தீர்க்க இயலாதபோது, தமக்கு நிரலாக்கம் வராது என்று சிலர் பயிற்சியையே கைவிடுகின்றனர். தடையாக நிற்பது நிரலாக்கமா, கணிதமா என்று பிரித்தறிந்தால் இம்முடிவைத் தவிர்க்கலாம்.

2001ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ‘புராஜெக்ட் ஆய்லர்’ என்னும் இணையப் புதிர்த் தொகுப்பிலிருந்து இரு வினாக்களை நோக்குவோம். இரண்டும் ஓரிரு வரிகளில் அடங்குவன.

முதல் வினா

1000க்குக் குறைந்த எண்களுள் 3 ஆல் அல்லது 5 ஆல் வகுபடுவனவற்றின் கூட்டுத்தொகை யாது? 1 முதல் 999 வரை ஒவ்வோர் எண்ணாகச் சோதித்து, வகுபடுவனவற்றைக் கூட்டினால் 233168 என்னும் விடை கிடைக்கும். 15 போன்று இரண்டாலும் வகுபடும் எண்ணை இருமுறை கூட்டலாகாது. கூட்டுத்தொடர் வாய்பாட்டை அறிந்தவர் தாளிலேயே விடை காணலாம். அறியாதவருக்கும் கணினி நொடிப்பொழுதில் விடை தரும்.

பதினைந்தாம் வினா

20க்கு 20 சதுரக் கட்டத்தின் இட மேல்மூலையிலிருந்து வலக் கீழ்மூலைக்குக் கோடுகளின் வழியே செல்ல வேண்டும். வலப்புறமும் கீழ்நோக்கியும் மட்டுமே நகரலாம். பாதைகள் எத்தனை?

விடை 137846528820; அதாவது 13,784 கோடிக்கும் மேல். நொடிக்கு ஒரு கோடிப் பாதைகளை எண்ணினாலும் மூன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேலாகும். ஆனால், ஒரு சந்திக்கு வரும் பாதைகள் அதன் மேலுள்ள சந்திக்கும் இடப்புறச் சந்திக்கும் வரும் பாதைகளின் கூட்டுத்தொகையே. மேல் விளிம்பிலும் இட விளிம்பிலும் உள்ள சந்திகளுக்கு 1 என்று எழுதிக்கொண்டால், எஞ்சிய 400 சந்திகளுக்கு 400 கூட்டல்களே போதும். இங்கு நிரல் எளிது. கருத்தைக் காண்பதே கடினம்.

கடினத்தை மதிப்பிட மூன்று படிகள்

1. சிறிய எண்ணைக் கொண்டு தாளில் தீர்த்துப் பாருங்கள். 2க்கு 2 கட்டத்தில் 6 பாதைகள் உள்ளன. இயலவில்லையெனில் வினா இன்னும் விளங்கவில்லை என்பது பொருள்.

2. நேர்வழியில் கணினி செய்யவேண்டிய படிகளைக் கணக்கிடுங்கள். அவை சில இலட்சங்களுள் அடங்கினால் நேர்வழியே போதும். பல ஆயிரம் கோடியாயின் கணிதக் கருத்தொன்று தேவை.

3. அக்கருத்தை வகுப்பில் பயின்றாயிற்றா எனப் பாருங்கள். பயின்றிராவிடில் புதிரை ஒத்திவைத்து, கணித ஆசிரியரிடம் அதனைக் கேட்டறியுங்கள்.

பயிற்சி: 3க்கு 3 கட்டத்தில் பாதைகள் எத்தனை? (விடை: 20)

பெற்றோர் கவனத்திற்கு

பிள்ளை இடர்ப்படும்போது, மேற்கண்ட படிகளுள் எதில் நின்றுவிட்டார் என்று கேளுங்கள். இதற்குப் பெற்றோருக்கு நிரலாக்க அறிவு தேவையில்லை. மூன்றாம் படியில் நின்றவருக்கு வேண்டுவது இன்னும் கற்பிக்கப்படாத ஒரு கணிதப் பாடமே. அதனை அவரது திறமைக் குறைவாகக் கருத வேண்டாம்.