முறிந்த தண்டும் மீண்ட யந்திரமும்

மோட்டார் உலகில் 'வின்டேஜ்' என்னுஞ் சொல்லுக்கு வரையறை உண்டு. 1934-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நிறுவப்பெற்ற வின்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப், 1919 முதல் 1930 முடியச் செய்யப்பட்ட வண்டிகளையே அப்பெயரால் வழங்குகின்றது. அவை காட்சிசாலையிற் கிடந்து உறங்குவன மட்டும் அல்ல. அவற்றுட் பல இன்றும் பந்தயத்தில் ஓடுவன. ஓடுவன ஆதலின் உடைவன. அங்ஙனம் உடைந்த யந்திரத்தை மீட்டும் உயிர்ப்பிப்பது எவ்வாறு என்பதே ஈண்டு ஆராயப்புகும் பொருள். எடுத்துக்காட்டாகப் பென்ட்லி நாலரை லிட்டர் யந்திரத்தைக் கொள்வாம்.

நான்கு சிலிண்டர்கள், ஒவ்வொன்றும் 100 மில்லிமீட்டர் விட்டமும் 140 மில்லிமீட்டர் ஓட்டமும் உடையது. இதனை அமைத்த டபிள்யூ. ஓ. பென்ட்லி, இதன் வாய்க்குள் காற்றை அழுத்திப் புகட்டும் சூப்பர்சார்ஜர் என்னும் கருவியை விரும்பினாரல்லர். பந்தய வீரராகிய ஹென்றி பர்க்கினோ, அக்கருவியைப் பூட்டுவித்து, 110 குதிரைத்திறன் அளவினதாயிருந்த யந்திரத்தைப் பந்தயத்திற்கென ஏறக்குறைய 240 அளவிற்கு உயர்த்தினார். 1930-ஆம் ஆண்டு ஜூன் மாதத்து லெ மான்ஸ் பந்தயத்தில் அத்தகைய வண்டிகள் இரண்டும் யந்திரம் பழுதுற்று இடையிலே நின்றன. சூப்பர்சார்ஜர் இல்லாத ஸ்பீட் சிக்ஸ் பென்ட்லிகளே முதலிரண்டு இடங்களையும் பெற்றன. பென்ட்லியின் எண்ணமே சரி என்பது என் துணிபு. ஆயினும் இன்றுவரை அன்பர்தம் நெஞ்சில் நிற்பது தோற்ற வண்டியே என்பதையும் மறைத்தற்கில்லை!

இனி, உடைவது எங்ஙனம்? பிஸ்டனையுங் கிராங்க் ஷாப்டையும் இணைப்பது கனெக்டிங் ராடு என்னுந் தண்டு. அதன் அடிமுனை இரு கூறாகிக் கிராங்கின் கழுத்தைத் தழுவிப் போல்ட்டுகளாற் பிணைக்கப்பட்டிருக்கும். நிமிடத்திற்கு 4,000 சுற்று என்னும் வேகத்தில், பிஸ்டன் ஒரு சுற்றுக்கு இருமுறை முற்றும் நின்று திரும்புதல் வேண்டும். மேல்முனையில் அது திரும்புங் கணத்தில், ஒரு கிலோகிராம் எடையுள்ள பொருள் ஆயிரங் கிலோகிராமிற்கும் மேற்பட்ட விசையோடு தண்டை இழுக்கும். இவ்விசை வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றி வளர்வது. 3,500 சுற்றினின்று 4,000-க்கு ஏறின், வேகம் ஏழில் ஒரு பங்கே மிகும். இழுவிசையோ நூற்றுக்கு முப்பது மிகும். கியர் மாற்றுகையில் ஓட்டுநர் கை ஒருமுறை தவறினாலும் யந்திரம் அளவு மீறிச் சுழலும். முறிந்த தண்டு உறையைத் துளைத்து வெளிவந்தால், கொதிக்கும் எண்ணெய் சாலையிலும் சக்கரத்திலும் சிந்தும். அவ்வேகத்தில் அஃது ஓட்டுநர்க்கும் பின்வருவார்க்கும் உயிர்ச்சேதமாகவும் முடியலாம்.

ஆதலின் மீட்பவன் முதலிற் செய்யத்தக்கது புதுத்தண்டு தேடுவதன்று, முறிந்ததைப் படிப்பது. முறிவுமுகத்தில், அலை வாங்கிய மணற்கரையிற்போல வரிவரியாகத் தடங்கள் காணப்படின், விரிசல் நெடுநாள் மெல்ல வளர்ந்த உலோகச்சோர்வு என்று அறியலாம். அவ்வரிகளின்றி முகம் முழுதுங் கரடாய், போல்ட் நீண்டு மெலிந்திருப்பின், ஒரே இழுப்பில் அற்றது எனலாம். பேரிங்கின் உலோகம் உருகி வழிந்திருப்பின் குற்றம் தண்டின்மேலதன்று. எண்ணெய் வாராமையே காரணம். இவ்வேறுபாட்டை அறியாது புதியன பூட்டினால், பழைய நோய் புதிய உறுப்பையும் கொல்லும்.

எண்ணெய் ஏன் வாராதொழிந்தது? இதனைச் சற்று விரித்துக் கூறல் வேண்டும். அக்காலத்துப் பந்தய வண்டிகள் பலவற்றிற்கு ஆமணக்கெண்ணெய் ஊற்றுவது வழக்கம். நம் வீடுகளில் விளக்கெண்ணெய் எனப்படுவதன் இனமே அது. ஆமணக்கு விளைவில் இன்றும் உலகில் முதலிடம் இந்தியாவிற்கே. வெப்பத்திலும் உலோகத்தை விடாது பற்றுதல் அதன் நற்குணம். நாட்பட்டால் பிசினாய் இறுகுதல் தீக்குணம். மேலும், எண்ணெயிலுள்ள கசடு சுழற்சியால் ஒதுக்கப்பட்டு, கிராங்க் ஷாப்டின் உட்குழிகளிற் படிந்து மெழுகுபோற் கட்டியாகும். குழிகளின் அடைப்பைத் திறந்து அதனைச் சுரண்டி எடாது பூட்டிய யந்திரம், ஓடத் தொடங்கிய சின்னாளிலேயே மீண்டும் பேரிங்கை இழக்கும். கண்ணுக்குப் புலனாகும் உறுப்புகளைப் பளபளப்பாக்கி இதனை மறப்பவர் உளர்.

பென்ட்லி யந்திரத்தில் மற்றொரு தொல்லையும் உண்டு. சிலிண்டர்களும் அவற்றின் தலையும் ஒரே வார்ப்பு. தலை கழலாமையால், வால்வைத் தொடவேண்டுமாயின் வார்ப்பு முழுதையுந் தூக்கி, சிலிண்டர் வழியே அதனை எடுத்தல் வேண்டும். இணைப்பில் வாயு கசியாமை இதன் பயன். பயனுக்கு விலை உழைப்பு.

அடுத்தது சோதனை. எஃகு உறுப்பைக் காந்தமாக்கி நுண்ணிய இரும்புத் தூளைத் தூவுவர்; கண் காணாத விரிசல் தூளை ஈர்த்துக் கோடாய்த் தன்னைக் காட்டிக்கொடுக்கும். பின்னர்ப் பேரிங்கை வார்ப்பர். வெள்ளீயம் பெரும்பங்காகவும், ஆன்டிமனியுஞ் செம்பும் சிறுபங்காகவும் சேர்ந்த ஒயிட் மெட்டல், சூடேற்றி ஈயம் பூசிய பரப்பிலே ஊற்றப்படும். பூச்சு பற்றாத இடம் பின்னர்ப் பெயர்ந்துவிடும். ஆறியதைக் கடைந்து, கழுத்தில் நீலச்சாயம் தடவிப் பொருத்தி, சாயம் ஒட்டிய மேடுகளைக் கையாற் சுரண்டுதல் பழைய முறை. கழுத்தின் விட்டம் ஒவ்வோரங்குலத்திற்கும் ஓரங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்கு இடைவெளி என்பது தொழிலாளர் கைக்கணக்கு.

எவற்றைப் புதியனவாக்குவது என்பதில் அன்பர்களிடையே வழக்கு உண்டு. தண்டும் போல்ட்டும் பிஸ்டனும் இக்காலத்து வலிய உலோகத்தால் ஆதல் தகும்; பழையதென்னுங் காரணத்தால் ஓருயிரைப் பணயம் வைத்தல் அன்பன்று. ஆனால் எண் பொறித்த உறையைத் தூக்கியெறிந்து புதுவார்ப்பு வைப்பதை நான் ஒப்பேன். அலுமினியமாயின் ஆர்கன் வாயுவின் காப்பிற் பற்றவைக்கலாம். வார்ப்பிரும்பாயின் சூடின்றி உலோக ஆணிகளால் தைக்கலாம். செல்லரித்த ஏட்டில் எஞ்சிய எழுத்தையும் அழித்துப் புதிதாய் எழுதுவோனைப் பதிப்பாசிரியன் எனல் தகுமோ?

பூட்டியபின் உடனே முடுக்கார். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எண்ணெய் அழுத்தம் ஏறுங்காறும் வெறிதே சுழற்றுவர். பின்னர் மெல்ல ஓட்டிச் சூடேற்றி நிறுத்தி, அவ்வெண்ணெயை வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பார்ப்பர். துணியில் வெள்ளித் துகள்போல் ஏதும் மின்னுமாயின், யாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டியதுதான்.