புதையலைக் காட்டிக் கொடுக்குமா டிடெக்டர்?

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் மண்ணுக்கடியில் ரோமானியக் காசு கிடக்கும் என்ற பேச்சு வெறுங்கதை அல்ல. கடலூரை அடுத்த காரைக்காட்டு அகழாய்வில் ரோமானிய வணிகத்தோடு வந்த ஆம்போரா சாடிகளின் ஓடுகள் கிடைத்தன; வடக்கே கொஞ்ச தூரத்தில் அதே வணிகம் நடந்த அரிக்கமேடு. அந்தப் பேச்சோடு ஒட்டிவரும் மற்ற நம்பிக்கைகள்தான் ஆபத்தானவை.

“மெட்டல் டிடெக்டர் இருந்தால் தங்கம் இருக்கும் இடம் தெரிந்துவிடும்.” தெரியாது. கருவியின் சுருளிலிருந்து கிளம்பும் காந்தப்புலம் எந்த உலோகத்திலும் மின்னோட்டத்தைத் தூண்டும். துருப்பிடித்த ஆணிக்கும் சோடா மூடிக்கும்கூட ‘பீப்’ கேட்கும். ஒற்றைக் காசு ஓரடிக்குக் கீழே கிடந்தால் சாதாரணக் கருவிக்குப் பெரும்பாலும் எட்டாது.

“வெட்டுப்பட்ட காசு செல்லாக்காசு.” 1898-இல் புதுக்கோட்டை சமஸ்தானத்தின் கறுக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே உளியால் ஆழமாக ஒரு வெட்டு. ஆய்வாளர்களுக்கு அந்த வெட்டுதான் பொக்கிஷம். இனி நாணயமாகப் புழங்கக் கூடாது, எடைக்குத் தங்கமாக மட்டுமே மதிக்க வேண்டும் என்று வெட்டினார்களா? விவாதம் இன்னும் ஓயவில்லை. உருக்கியிருந்தால் இந்தக் கேள்வியே பிறந்திருக்காது.

“கண்டெடுத்தவனுக்கே சொந்தம்” என்பார் ஒருவர். “சொன்னால் சர்க்கார் சும்மா பிடுங்கிக்கொள்ளும்” என்பார் இன்னொருவர். இரண்டும் தவறு. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. அரசு எடுத்துக்கொண்டால் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டித் தர வேண்டும். உரிமையாளர் யாரும் இல்லாத புதையலில், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், முக்கால் பங்கு கண்டெடுத்தவருக்கு, கால் பங்கு நிலத்துக்காரருக்கு.

மேலும் தோண்டாமல் உடனே தகவல் சொல்வதன் பயனுக்கு ஓர் உதாரணம்: இங்கிலாந்தின் ஹாக்ஸ்னில் 1992-இல் எரிக் லாஸ் என்பவர் நண்பர் தொலைத்த சுத்தியலை டிடெக்டரோடு தேடப் போய், ரோமானியக் காசுகளைக் கண்டார். கொஞ்சம் தோண்டியதுமே நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். மீதியைத் தொல்லியலாளர்கள் எடுத்ததால், சுமார் 15,000 காசுகளும் நகைகளும் எந்தப் பெட்டியில் எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்பதுவரை தெரிந்தது.

கிணறு வெட்டும்போதோ உழும்போதோ காசு தட்டுப்பட்டால் அந்த இடத்தை மேலும் கிளறாதீர்கள். புளி போட்டுத் தேய்க்காதீர்கள். எழுத்தும் முகமும் அழிந்துவிடும். பானை ஓடுகளையும் எறியாமல் வையுங்கள். அன்றைக்கே வி.ஏ.ஓ.விடமோ தாசில்தாரிடமோ சொல்லி, கலெக்டருக்கு மனு எழுதுங்கள்.