சித்தாள் எப்போது கொத்தனார் ஆவார்?



இந்த மாதப் பாடம்: ஆண் வேலை, பெண் வேலை.

திருக்கோஷ்டியூரில் ஒரு வீடு கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பதினெட்டு வயசுப் பையன் ஒருவனும், அதே வயசுப் பெண் ஒருத்தியும் ஒரே நாளில் வேலைக்குச் சேருகிறார்கள். இரண்டு பேரும் செங்கல், கலவை சுமக்கிறார்கள். சில வருஷத்தில் பையன் கைக்குக் கரண்டி வந்துவிடும். ரசமட்டம், தூக்குக்குண்டு பிடிக்கப் பழகிக் கொத்தனார் ஆகிவிடுவான். அந்தப் பெண்? பேரன், பேத்தி எடுத்த பிறகும் சித்தாள்தான்.

திறமை இல்லாமலா? கிடையாது. கரண்டியை அவள் கையில் யாரும் கொடுக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று 1976-லேயே சட்டம் வந்தது. அந்த விதி 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. ஆனால் கேட்டால், "அவர் கொத்தனாரு, நீ சித்தாளு. வேலையே வேறம்மா" என்று சொல்லிவிடுவார்கள். ஆகவே கூலியை மட்டும் கேட்டால் போதாது. தொழிலையும் கற்றுக்கொள்ள வேண்டும்.

முடியுமா?

பக்கத்து மாவட்டம் புதுக்கோட்டையைப் பாருங்கள். 1990-களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் அங்கே கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளும் பழகினார்கள் பெண்கள். கேலிப் பேச்சுக்குக் குறைவில்லை. 1992 மார்ச் 8, மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் வந்தார்கள்! லேடீஸ் சைக்கிள் பற்றாமல் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். முன் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாமே!

அதே காலத்தில், கூலிக்குக் கல்லுடைத்த பெண்களின் குழுக்களுக்கே கல் குவாரிகள் குத்தகைக்குக் கிடைத்தன. உடைத்த கை அதே கைதான். ஆனால் கணக்கு வழக்கு அவர்களிடம் வந்தது.

கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993-ல் அரசு பஸ் டிரைவர் ஆனார். 2017-ல் ஓய்வு பெறும்வரை ஓட்டினார். "பொம்பளை ஓட்டுனா யாரு ஏறுவா?" என்ற பேச்சுக்கு அதுவே பதில்.

நாம் செய்ய வேண்டியது

நம்ம ஊர்க் கோபுரத்தில் ஏறி, ரகசியமாக இருந்ததை எல்லாருக்கும் ராமானுஜர் சொன்ன கதை நமக்குத் தெரியும். தொழிலும் அப்படித்தான். சில பேரிடம் மட்டும் இருந்தால் மற்றவர்கள் கடைசிவரை கூலியாள்தான்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்:

1. நம் குழுவில் எத்தனை பேர் சித்தாள் வேலைக்குப் போகிறோம்? யாருக்குக் கொத்து வேலை பழக ஆசை?
2. கற்றுக்கொடுக்க நம் வீட்டிலேயே கொத்தனார் இருக்கிறாரா?
3. கரண்டி, மட்டப்பலகை வாங்கக் குழுச் சேமிப்பிலிருந்து உள்கடன் கொடுக்கலாமா?
4. மகன் படிப்புக்குக் கடன் கேட்கிறோம். மகள் தொழில் பழகக் கேட்டிருக்கிறோமா?

முதல் சுவர் கொஞ்சம் கோணலாகத்தான் வரும். எந்தக் கொத்தனாருக்கும் அப்படித்தான் வந்தது. பிரித்துக் கட்டுவோம், சகோதரிகளே!