வீடும் புறக்கடையும்: செப்பனிடுமுன் செய்யத்தக்க ஆராய்ச்சி

பயிருக்கு வாங்கிய கடனை அறுவடை அடைக்கிறது. மாட்டுக்கு வாங்கிய கடனைப் பால் அடைக்கிறது. வீட்டைப் புதுப்பிக்க வாங்கிய கடனை அடைப்பது யாது? சுவர் கதிர் விடுவதில்லை. ஓடு கன்று ஈனுவதில்லை. ஆகவே அக்கடன் குடும்பத்தின் வேறு வருமானத்திலிருந்தே திரும்ப வேண்டும். 1904-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தின் முதல் கிராமக் கடன் சங்கம் திரூரில் தோன்றிய காலந்தொட்டு, கடன் கேட்போரிடம் "எதற்காக?" என வினவுதல் சங்க முறையாகும். வீட்டு வேலையைப் பொறுத்தவரை, அவ்வினாவை அங்கத்தினர் முதலில் தம்மையே கேட்டுக்கொள்ளல் நலம்.

பெரும்பாலும் நடப்பது வேறு. அறுவடைப் பணம் கைக்கு வந்ததும், உறவினர் வீட்டில் கண்ட ஓர் அலங்காரத்தை எண்ணிக் கொத்தனாரை அழைக்கின்றனர். முகப்பு வர்ணத்தோடு பணம் தீர்கிறது. கூரை ஒழுக்கு இருந்தபடியே இருக்கிறது. அடுத்த ஐப்பசியில் வர்ணம் உரிகிறது, கடன் உரிவதில்லை. இதைத் தவிர்க்கும் வழி, செலவுக்கு முன்னே யோசனைகளைத் திரட்டுவதேயாம். அதற்கு வேண்டிய முதல் ஒரு நோட்டுப்புத்தகமும் ஓராண்டுப் பொறுமையுமே.

1. தம் வீட்டை நோக்குதல்

ஐப்பசி, கார்த்திகை மழையில் எவ்விடம் ஒழுகுகிறது, எந்தச் சுவரடியில் நீர் தேங்குகிறது, தெரு மட்டம் வீட்டுத் தரையினும் உயர்ந்துவிட்டதா என்பவற்றைக் குறிக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் எந்த அறை இரவிலும் வெப்பம் தணியாதிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிற்பகல் வெயில் நேரே தாக்கும் மேற்குச் சுவரே பெரும்பாலும் அதற்குக் காரணமாயிருக்கும். வீட்டிலுள்ள பெண்டிரையும் முதியோரையும் தவறாது கேட்டல் அவசியம். திண்ணையில் அமர்ந்திருப்பவர் அடுப்பங்கரைப் புகையை அறியார். இரவில் படி இடறுவதை இளைஞர் அறியார்.

2. பிறர் வீடுகளை நோக்குதல்

புதிய வீடுகளைவிடப் பத்து, பதினைந்து ஆண்டு மழை கண்ட வீடுகளே நல்லாசிரியர்கள். எவ்வளவு செலவாயிற்று? முதற்பழுது எப்போது வந்தது? மீண்டும் கட்டினால் எதை மாற்றுவீர்? இம்மூன்றையும் வீட்டுக்குடையவரிடம் கேட்க வேண்டும். மண்சுவர்மீது சிமெண்டு பூசியவர் வீட்டில் விடை விரைவில் கிடைக்கும்: உள்ளே ஈரம் அடைபட்டுப் பூச்சு பெயர்ந்து விழுந்திருக்கும். மண்சுவருக்கு மண்பூச்சோ சுண்ணாம்புப் பூச்சோ பொருந்தும்.

கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) இம்முறையிலேயே கற்றவர். இங்கிலாந்தில் பிறந்த அவர், இமயமலைச் சாரலில் பித்தோராகரில் வாழ்ந்தபோது, உள்ளூர் மக்கள் உள்ளூர்ப் பொருள்களால் வீடு கட்டும் திறத்தைக் கண்டு தம் படிப்பைத் திருத்திக்கொண்டார். பின்னர்த் திருவனந்தபுரத்தில் அவர் பரவச்செய்த எலிப்பொறிக் கட்டு என்னும் சுவர்முறையில் செங்கற்கள் குத்துவாட்டில் நிறுத்தப்படுகின்றன; நடுவே வெற்றிடம் அமைகிறது. இதனால் செங்கல் ஏறக்குறைய நூற்றுக்கு 25 மிச்சமாவதுடன் வெப்பமும் குறைகிறது.

3. புறக்கடை

வீட்டு வேலையில் வருமானம் தரக்கூடிய பகுதி இதுவே. அடுக்களை நீரை வாழைக்கும் சேம்புக்கும் செலுத்தினால் சாக்கடையும் ஒழியும், குலையும் கிடைக்கும். எஞ்சிய நீருக்குச் செங்கல் துண்டுகள் நிரப்பிய உறிஞ்சு குழி போதும். அது கிணற்றுக்கு 50 அடியேனும் தள்ளியிருத்தல் வேண்டும். முருங்கைக் கிளை காற்றில் எளிதில் முறிவதால் ஓட்டுக்கூரையருகே ஆகாது. மேற்கே, சுவருக்குப் போதிய தூரம் விட்டு வேம்பு வைத்தால் பிற்பகல் நிழல் உண்டு. 400 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் சுமார் 940 லிட்டர் நீர் விழும். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பைக் குடும்பக் கணக்கிலும் இலாபமெனக் கொள்ளலாம்.

4. வரிசைப்படுத்துதல்

ஆண்டு முடிவில் குறிப்புகளை மூன்று பத்திகளாகப் பிரிக்க வேண்டும்: வீட்டார் உழைப்பால் முடிவன, கைப்பணத்தால் முடிவன, கடனின்றி முடியாதன. வடிகால் வெட்டல், பாத்தி கட்டல், வெள்ளையடித்தல் முதற்பத்தியிலேயே அடங்கும். மூன்றாம் பத்தியில் கூரை, அஸ்திவாரம், சுவர் ஆகியவை முன்னும், அலங்காரம் கடைசியிலும் நிற்க வேண்டும். முழுப் பட்டியலையும் எழுதிப் பார்த்தவர் கேட்கும் கடன், எழுதாதவர் கேட்பதினும் பெரும்பாலும் சிறிதாகவே இருக்கும். ஒரே தெருவில் நால்வருக்கு ஓடும் சுண்ணாம்பும் தேவையெனில், சேர்ந்து வாங்கி வண்டிக்கூலியைப் பகிர்ந்துகொள்ளலாம்.

கூட்டத்தில் ஆராயத்தக்க வினாக்கள்

அ. சென்ற மழையில் உங்கள் வீட்டில் முதலில் ஒழுகிய இடம் எது? அதன் காரணம் யாது?

ஆ. கடனின்றி இம்மாதமே முடிக்கத்தக்க வேலைகள் மூன்றைக் கூறுக.

இ. வீட்டுக்கு வாங்கும் கடனை எந்த வருமானத்திலிருந்து, எத்தனை தவணையில் அடைப்பீர்? அவ்வருமானம் ஓராண்டு பொய்த்தால் யாது செய்வீர்?

மூன்றாம் வினாவுக்கு விடை எழுதிய பிறகே கடன் மனுவில் கையொப்பமிடுதல் முறையாகும்.