குளவி கொட்டினால் யார் பொறுப்பு?
காப்புறுதிச் சட்ட மாற்றங்களும் நமது குடும்பங்களும்



ஒரு தோட்டத்தில் நலன்புரிக் கூட்டம் முடிந்து புறப்படும் நேரம். வயதான ஒருவர் நம்மை நிறுத்தி வைத்துக் கேட்டார்: "இன்சூரன்ஸ் சட்டம் மாறிப்போச்சு, மாறிப்போச்சுன்னு ரேடியோவுல சொல்றாங்களே ஐயா, அது கொழும்பு முதலாளிமார் வெவகாரம்தானே? லயத்துல இருக்கிற நமக்கு அதுல என்ன இருக்கு?"

நல்ல கேள்வி. பதில் சொல்லு முன் ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். தோட்டத்தின் பெயர் வேண்டாம். கொழுந்து எடுக்கப் போன ஒரு தாயைக் குளவிக் கூட்டம் கொட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. ஆபிசில் சாவுச் செலவுக்கு ஒரு தொகை கொடுத்தார்கள். கணவர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். தாளில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்குத் தெரியாது. "கம்பெனி இன்சூரன்ஸ் காசு அவ்வளவுதான்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அவரும் நம்பிவிட்டார். இருபது மாதம் கழித்து மூத்த மகள் பள்ளிக்கூட உதவி கேட்டு நம்மிடம் வந்தபோதுதான் கதை வெளியே வந்தது.

அவருக்குச் சேர வேண்டியது கம்பெனி மனமிரங்கிக் கொடுக்கும் உதவிப் பணம் அல்ல. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் கொடுக்கும் உரிமை அது. வேலையின் நிமித்தமாகவும் வேலை நேரத்திலும் நடக்கும் விபத்தில் ஒருவர் இறந்தாலோ ஊனமுற்றாலோ வேலை கொடுத்தவர் நட்டஈடு கொடுக்க வேண்டும். முதலாளி மீது குற்றம் இருக்கிறது என்று நிரூபிக்கத் தேவையில்லை. குளவிக் கூடு துரை கட்டி வைத்ததல்ல என்பது நமக்கும் தெரியும். ஆனால் அந்த மலைக்குள் அந்தத் தாயை இறக்கியது அவருடைய வேலைதானே. சட்டம் பார்ப்பது அதைத்தான்.

இங்கே பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. நட்டஈடு கொடுக்கும் கடமை கம்பெனியுடையது. அந்தக் கடமையைத் தாங்குவதற்காகக் கம்பெனி ஒரு காப்புறுதி நிறுவனத்துக்குத் தவணைப்பணம் கட்டி பாலிசி எடுத்து வைத்திருக்கும். அது கம்பெனிக்கும் காப்புறுதிக்காரருக்கும் இடையிலான கணக்கு. "இன்சூரன்ஸ் இன்னும் காசு அனுப்பல, அதனால கொடுக்க ஏலாது" என்று யாராவது சொன்னால் அது சட்டம் அல்ல. பாலிசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கடமை கம்பெனியின் தலையில்தான்.

மரணத்துக்கான நட்டஈட்டை நேராகக் குடும்பத்தின் கையில் கொடுத்துக் கணக்கை முடிக்கவும் முடியாது. வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளரிடம் வைப்புச் செய்ய வேண்டும். யார் யார் இறந்தவரை நம்பி வாழ்ந்தவர்கள், யாருக்கு எவ்வளவு என்று பிரிப்பவர் அவர்தான். ஆகவே கையில் கொடுத்த சாவுச் செலவுக் காசோடு விஷயம் தீர்ந்துவிடாது. விண்ணப்பத்துக்கான காலம் இரண்டு வருடம். அந்தக் குடும்பத்துக்கு இன்னும் நான்கு மாதம் மிச்சம் இருந்தது. மரண அத்தாட்சிப் பத்திரம், மரண விசாரணை அறிக்கை, அன்றைய செக்ரோல் பிரதி எல்லாவற்றையும் தேடி எடுக்கவே மூன்று மாதம் போனது. விண்ணப்பம் காலத்துக்குள் போய்ச் சேர்ந்தது, விசாரணைக்கும் எடுத்தார்கள். நாலு மாதம் பிந்தி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே நமக்கு நெஞ்சு படபடக்கிறது.

இப்போது அந்தப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். இந்தச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டது. அதற்கு முன் ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய ஆகக் கூடிய நட்டஈடு 550,000 ரூபா. திருத்தத்துக்குப் பிறகு அது 2,000,000 ரூபா. இருபது லட்சம் என்றதும் எல்லாருக்கும் இருபது லட்சம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது உச்ச எல்லை. உங்களுக்கு எவ்வளவு என்பது உங்கள் சம்பளத்தையும், ஊனம் எவ்வளவு என்று டொக்டர் எழுதுவதையும் பொறுத்தது. ஒரு விரல் போனதற்கும் கை போனதற்கும் ஒரே கணக்கு இல்லை. சம்பளம் என்னும்போது செக்ரோலில் பதிந்த சம்பளத்தைத்தான் பார்ப்பார்கள். பேர் போடாமல் கைக்காசுக்கு வேலை செய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விபத்து நாளில் உங்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லையென்றால், நீங்கள் அங்கே வேலை செய்தீர்கள் என்பதையே முதலில் நிரூபிக்க வேண்டி வரும்.

அதே திருத்தத்தில் இன்னொன்றும் வந்தது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் வேலை முடிந்து வீடு திரும்பும்போதும் நடக்கும் விபத்தும் இப்போது சட்டத்துக்குள் அடங்கும். நம் மலைகளில் இது சின்ன விஷயம் இல்லை. லயத்திலிருந்து மலைக்குப் போகும் ஒற்றையடிப் பாதை, மழை நாளில் வழுக்கும் கற்படி, ஆற்றைக் கடக்கும் மரப்பாலம், ஆட்களை ஏற்றிப் போகும் லொறி, இவற்றில் விழுந்து அடிபட்டவர்கள் எத்தனை பேர்! முன்பெல்லாம் "இன்னும் வேலை தொடங்கல" என்று ஒதுக்கிவிடுவார்கள். இனி அப்படி ஒதுக்குவது சுலபமல்ல. வழியில் சொந்த அலுவலுக்கு வேறு பக்கம் திரும்பிப் போயிருந்தால் மட்டும் கேள்வி எழலாம். பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் போகும் தாய் வழி மாறிப் போனவளா என்று நம்மிடம் ஒரு சகோதரி கேட்டார். அவள் வேலைக்குப் போகும் வழியே அதுதான் என்பது நமது எண்ணம்.

கம்பெனிக்கு இதனால் என்ன? பொறுப்பு கூடும்போது காப்புறுதித் தவணைப்பணமும் கூடும். தேயிலை விலை விழுந்த காலத்தில் அது அவர்களுக்கும் பாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் விபத்துக் குறைந்தால் செலவும் குறையும் என்று அவர்களும் கணக்குப் போடத் தொடங்குவார்கள். குளவிக் கூட்டை ஆள் வைத்து அகற்றுவது, ரோலருக்குக் கவசம் போடுவது, மருந்தடிக்கிறவருக்குக் கையுறை கொடுப்பது எல்லாம் அப்போது வீண் செலவாகத் தெரியாது.

இனி நாமே எடுக்கும் காப்புறுதி. பழையவர்களுக்கு இன்சூரன்ஸ் என்றால் கோப்பரேஷன் ஒன்றுதான். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் அதை உண்டாக்கி, முதலில் ஆயுள் காப்புறுதியையும் பின்னர் 1964இல் மற்றக் காப்புறுதிகளையும் தன் கையில் வைத்திருந்தது. 1988இலிருந்து தனியார் கம்பெனிகள் வந்தன. இத்தனை பேர் வியாபாரத்தில் இருக்கும்போது கண்காணிக்க ஒருவர் வேண்டுமே, அதற்கு 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதன்கீழ் உருவான காப்புறுதிச் சபைதான் 2017இல் சட்டத் திருத்தத்தோடு இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு என்று பெயர் மாறியது.

2011இல் வந்த திருத்தத்தின்படி ஆயுள் காப்புறுதியும் வாகனம், தீ முதலிய பொதுக் காப்புறுதியும் ஒரே கம்பெனிக்குள் இருக்கக் கூடாது. 2015இல் அவை பிரிந்தன. வாகன விபத்துக்குக் கொட்டிக் கொடுத்து ஒரு கம்பெனி நொடித்துப் போனாலும், ஆயுள் காப்புறுதிக்காரர்களின் சேமிப்பு அதோடு போய்விடக் கூடாது என்பது நோக்கம். கம்பெனிகளுக்கு இரட்டை நிர்வாகம், இரட்டைச் செலவு. நமக்கு வந்த சிக்கல், பழைய பாலிசித் தாளில் ஒரு பெயரும் இப்போது வரும் கடிதத்தில் வேறு பெயரும் இருப்பது. "கம்பெனி மூடிட்டாங்க போல" என்று தவணை கட்டுவதை நிறுத்திவிட்ட ஒருவரை நாம் சந்தித்தோம். கம்பெனி மூடவில்லை, அவருடைய பாலிசிதான் காலாவதியாகிப் போனது. தவணை தவறினால் வழக்கமாக முப்பது நாள் சலுகை உண்டு. அதற்குப் பிறகு பாதுகாப்பு இல்லை.

ஓட்டோ வைத்திருக்கும் தம்பிமாருக்கு ஒரு சொல். சட்டம் கட்டாயப்படுத்துவது மூன்றாம் ஆள் காப்புறுதியை மட்டும். அது நீங்கள் இடித்த ஆளுக்கானது. உங்கள் ஓட்டோ பள்ளத்தில் விழுந்தால் அதிலிருந்து ஒரு சதமும் வராது. சொந்தப் பாவனை என்று எழுதிவிட்டு ஹயர் ஓடினாலும் பிறகு வம்புதான்.

பாலிசி எடுக்கும்போது ஏஜன்ட் கேள்விப் படிவத்தைத் தானே நிரப்பி, "இங்க மட்டும் கையெழுத்துப் போடுங்க அக்கா" என்பார். அவசரப்படாதீர்கள். பிரஷர், சீனி வருத்தம், முன்பு செய்த ஒப்பரேஷன் எதையும் மறைக்கக் கூடாது. இன்றைக்கு "இல்லை" என்று எழுதிய இடத்தைக் காட்டித்தான் நாளைக்குக் காசு தராமல் விடுவார்கள். படிவத்தையும் பாலிசியையும் தமிழில் கேளுங்கள். ஏஜன்டிடம் கைக்காசு கொடுத்தால் கம்பெனி ரசீது வாங்குங்கள். கொப்பியில் அவர் எழுதிக் கொடுக்கும் கணக்கு செல்லாது.

நமக்கே உரிய தொல்லை பெயர். பிறப்புப் பத்திரத்தில் ராமாயி, செக்ரோலில் ராமாய், அடையாள அட்டையில் ராமையா! நாடற்றவர்களாக வைக்கப்பட்டிருந்த காலத்தில் பத்திரம் இல்லாமலே வளர்ந்தவர்கள் பலர். 2003ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு அவசர அவசரமாக எடுத்த தாள்களிலும் பிழை இருக்கலாம். உயிரோடு இருக்கும்போது இதைத் திருத்துவது ஒரு நாள் வேலைதான். இறந்த பிறகோ அது பிள்ளைகளின் தலையில் வருடக்கணக்கில் சுமையாக விழும். பின்னுரித்தாளியின் பெயரையும் அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள்.

ஈ.டீ.எப். பற்றியும் பலருக்குத் தெரியாது. உங்கள் சம்பளத்தில் வெட்டாமல் வேலை கொடுப்பவர் கட்டும் மூன்று சதவீதம் அது. வேலையில் இருக்கும்போதே ஒருவர் இறந்தால், சேர்ந்த காசோடு மரணக் காப்புறுதி உதவியும் அங்கே கேட்கலாம். கேட்காவிட்டால் தானாக வீடு தேடி வராது.

கம்பெனி காசு தர மறுத்தால் முதலில் எழுத்தில் காரணம் கேளுங்கள். அதோடு தீராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கும் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம், சட்டத்தரணி தேவையில்லை. எழுதத் தெரியாதவர்கள் பாலிசி, ரசீதுகள், அடையாள அட்டை மூன்றையும் எடுத்துக்கொண்டு நமது நலன்புரி உத்தியோகத்தரிடம் வாருங்கள். மூலப் பத்திரத்தை யாரிடமும் விட்டுவிட்டுப் போக வேண்டாம், போட்டோப் பிரதி போதும்.