கார்டிசாலுக்கும் ஒரு ஷிப்ட் உண்டு

வட சென்னையில் எண்ணூர், மணலி, திருவொற்றியூர் பக்கம் ஆலையிலோ துறைமுகத்திலோ வேலை தேடுகிறீர்களா? ஏற்கெனவே உள்ளே இருந்துகொண்டு அடுத்த புரமோஷனுக்குக் குறிவைத்திருக்கிறீர்களா? உங்களோடு போட்டி போடுபவரிடமும் அதே டிப்ளமோ, அதே அனுபவம் இருக்கும். அதிகாலை 4 மணிக்கு லைன் நின்றுபோனால் யார் பதறாமல் முடிவெடுக்கிறார் என்பதை மேலே இருப்பவர்கள் கவனிக்கிறார்கள். சூப்பர்வைசர் போஸ்ட் அவருக்குத்தான் போகும். அந்த நிதானத்தோடு நேரடியாகத் தொடர்புள்ளது கார்டிசால் என்ற ஹார்மோன்.

சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் இதைச் சுரக்கின்றன. கெட்ட பொருள் அல்ல. ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றி, உடம்பை வேலைக்குத் தயாராக்குவது இதுதான். காலையில் விழித்து அரை மணி, முக்கால் மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். பிறகு மெல்ல இறங்கி நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்கு வரும். இங்கேதான் பிரச்சினை. காலை 6 முதல் 2, மதியம் 2 முதல் 10, இரவு 10 முதல் 6 என்று ரோஸ்டர் சுழல்கிறது. உடம்பின் கடிகாரம் அந்த வேகத்துக்குச் சுழலாது. இறங்க வேண்டிய நேரத்தில் கார்டிசால் இறங்காமலே மாதக்கணக்கில் ஓடினால் தூக்கம் கெடும், ஞாபகம் மங்கும், வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும், சர்க்கரையும் பி.பி.யும் ஏறும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007-லும் மறுபடி 2019-லும் நைட் ஷிப்ட் வேலையை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை' என்ற பட்டியலில் வைத்தது. ஷிப்ட் வேலையைச் சாதாரணமாக நினைத்துத் தொடங்காதீர்கள்.

'டென்ஷன் ஆகாதே' என்று யாரும் சொல்லிவிடலாம். அதனால் எதுவும் மாறாது. மாற்றக்கூடியவை இவை.

1. எது உங்களை ஏற்றுகிறது என்று கண்டுபிடியுங்கள். 2004-ல் டிக்கர்சன், கெமனி என்ற இரண்டு உளவியலாளர்கள் 208 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கார்டிசாலை அதிகம் ஏற்றியவை இரண்டு: நாலு பேர் முன்னால் எடைபோடப்படுவது, முடிவு நம் கையில் இல்லாமல் இருப்பது. இரண்டும் சேர்ந்தால் ஏற்றம் உச்சம். துறைமுக வேலையே இந்த இரண்டின் கூட்டுதான். டிரெய்லர் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் வரிசையில் நிற்கிறது. கப்பலுக்குச் சரக்கை ஒப்படைக்க வேண்டிய கட்-ஆஃப் நேரம் நெருங்குகிறது. சரக்குக்காரப் பார்ட்டி போன் மேல் போன் போடுகிறார். மேனேஜர் எல்லார் முன்னாலும் 'என்னாச்சு?' என்கிறார். வரிசையை நகர்த்துவது உங்களால் முடியாது. தகவலை நகர்த்த முடியும். பார்ட்டி கேட்பதற்கு முன்பே அனுப்புங்கள்: வண்டி எங்கே நிற்கிறது, கேட்டுக்குள் எப்போது நுழையும், கட்-ஆஃப் தவறினால் அடுத்த கப்பல் எது. மூன்று வரி போதும். கையில் இல்லாததில் ஒரு பகுதி கைக்கு வந்துவிடும். 'இந்த ஆள் சொல்லிவிடுவார்' என்ற பெயரும் சேரும். இந்தத் தொழிலில் அந்தப் பெயருக்கு விலை அதிகம்.

2. திட்டு வாங்கிய பின் அரை மணி நேரம் வாயையும் கையையும் கட்டுங்கள். அட்ரினலின் நொடிகளில் பாயும். கார்டிசால் நிதானமாக ஏறி, 20 முதல் 30 நிமிடத்தில் உச்சம் தொடும். ஆகவே 'நான் இப்ப கூலாயிட்டேன்' என்று நீங்கள் நினைக்கும்போதுதான் அது மேலே இருக்கும். அந்த நேரத்தில் வாட்ஸ்அப் குரூப்பில் பதில் போடாதீர்கள், ரிசைன் மெயில் டைப் செய்யாதீர்கள். யார்டில் ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டுங்கள்.

3. டீயைப் பாதி ஷிப்டோடு நிறுத்துங்கள். காஃபீன் கார்டிசாலை ஏற்றும். குடித்து சுமார் ஐந்து மணி நேரம் ஆன பின்னும் அதில் பாதி உடம்பில் நிற்கும். இரவு 10 மணி ஷிப்டில் 4 மணிக்குக் குடிக்கிற டீ, காலை 9 மணித் தூக்கத்தைத்தான் கெடுக்கும். 2 மணிக்கு மேல் வேண்டாம். சாப்பாடும் அப்படித்தான். முழுச் சாப்பாட்டை டூட்டிக்குக் கிளம்பும் முன் முடியுங்கள். நடுராத்திரி பரோட்டாவை உடம்பு பகலில் போல் கையாளாது, சர்க்கரை கூடுதலாக ஏறும்.

4. பகல் தூக்கத்தை வேலையின் ஒரு பகுதியாக நடத்துங்கள். ராயபுரத்தில் ஒரே அறை வீட்டில் குக்கர் விசிலுக்கும் டிவிக்கும் நடுவே தூங்குகிறவர்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வழி உண்டு. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, காதுக்கு இயர்பிளக். எந்த மணியிலிருந்து எந்த மணிவரை எழுப்பக்கூடாது என்று வீட்டாரிடம் பேசி முடிவு செய்யுங்கள். விடிகாலை வெயில் மூளையை எழுப்பிவிடும் என்பதால் வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி போடுங்கள். கண் சொக்கினால் பைக்கைத் தொடாதீர்கள். கம்பெனி பஸ் இருக்கிறது, விம்கோ நகரிலிருந்து மெட்ரோ இருக்கிறது. கண்டெய்னர் லாரிகள் ஓடும் ரோட்டில் ஒரு நொடி அயர்ந்தால் முடிந்தது கதை.

5. ஓ.டி.யைக் கணக்குப் போட்டு எடுங்கள். 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் இரட்டைச் சம்பளம் என்று விதி வகுத்தது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று வாபஸ் அறிவிப்பு வந்தது. தொழிலாளிக்கு எட்டு மணி நேரம் எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது எல்லாருக்கும் புரிந்தது. பணம் தேவையென்றால் ஓ.டி. எடுங்கள். இரவு 10 மணிக்கு முடித்துவிட்டு, சரியாகத் தூங்க நேரமில்லாமல் காலை 6 மணிக்கு மறுபடி உள்ளே போகிற ஓ.டி.யை மட்டும் எடுக்காதீர்கள். மறுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது: 'நாளைக்கு முடியாது சார், வியாழக்கிழமை வர்றேன்.' மாற்றுத் தேதியோடு மறுப்பவரை யாரும் சோம்பேறி என்று எழுதி வைப்பதில்லை.

6. கான்ட்ராக்ட் ஊழியர்களுக்கு அடுத்த ரின்யூவல் வருமா என்பதே நிரந்தர பிரஷர். தியானம் செய்தால் அது தீராது. கையில் இன்னொரு சர்ட்டிஃபிகேட் வேண்டும். ஃபோர்க்லிஃப்ட், ரீச் ஸ்டாக்கர், பாய்லர் அட்டெண்டன்ட், அபாயகரமான சரக்குகளைக் கையாளும் பயிற்சி என்று இந்தப் பெல்ட்டில் விலைபோகும் திறன்கள் நிறைய. இரண்டு கேட் திறந்திருக்கிறது என்று தெரிந்தாலே தூக்கம் வரும்.

7. வீடும் இதே பகுதியில் என்றால், குடும்பத்தோடு ஒரு பிளான் வைத்திருங்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் எண்ணூரில் உர ஆலைக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். அதே மாதம்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் எண்ணெயும் பரவியது. நைட் ஷிப்டில் நிற்கிறவருக்கு மனம் பாதி வீட்டில்தான் இருக்கும். காற்று எந்தப் பக்கம் வீசினால் எந்தப் பக்கம் போவது, யார் பாட்டியைக் கூட்டிப்போவது, எங்கே சந்திப்பது என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

இணையத்தில் விற்கும் 'கார்டிசால் டீடாக்ஸ்' பவுடர்களுக்குக் காசு கொடுக்காதீர்கள். அமுக்கராவுக்குச் சில சிறிய ஆய்வுகளில் பலன் தெரிந்திருக்கிறது. ஆனால் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். இதைவிட முக்கியம், இடுப்பு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் பெயர் தெரியாத மாத்திரை. அதில் ஸ்டீராய்டு இருந்தால் உடம்புக்குக் கார்டிசால் அளவுமீறிய அதே நிலை வந்துவிடும். குஷிங் நோய்க்குறி எனப்படும் அந்த நிலைக்கு அடிக்கடி காரணமாவது இப்படி வெளியிலிருந்து வரும் ஸ்டீராய்டுதான். பல நாள் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

முகம் உருண்டு வீங்குகிறதா, வயிற்றில் அகலமான ஊதா வரிகளா, லேசாக இடித்தாலே கன்றிப்போகிறதா, உட்கார்ந்து எழத் தொடையில் பலமில்லையா? உடனே இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கோ ஸ்டான்லிக்கோ போங்கள். மனம்தான் பாரமாக இருக்கிறது என்றால் 14416-ஐ அழையுங்கள்; டெலி-மானஸ் மனநல உதவி எண், இலவசம். டாக்டரைப் பார்க்கும்போது கடந்த மாத ரோஸ்டரையும், சாப்பிட்ட எல்லா மாத்திரை அட்டைகளையும் கொண்டுபோங்கள். காலை ரத்தம், இரவு எச்சில் என்று இந்த ஹார்மோனின் டெஸ்டுகள் நேரத்தைப் பொறுத்தவை. நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்தவரின் ரிப்போர்ட்டை, அவர் எப்போது தூங்கினார் என்று தெரியாமல் சரியாகப் படிக்க முடியாது.